கடைசிப் பெயரிலிருந்து வாசிக்கச் சொன்ன தங்கபுஷ்பம் டீச்சர்

"சார், காலையில பேரை எந்தப் பக்கமிருந்து வாசிக்கிய?"

தங்கபுஷ்பம் டீச்சர் என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பது வருடமாக வருகைப் பதிவேடு எடுக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? பெயரை மேலிருந்துதான் வாசிப்பார்கள். வேறு எங்கிருந்து வாசிப்பது?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை மேலகரம் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு நின்றேன். நம் தலைமையாசிரியை போனில் அழைத்தார். "சார், எங்க நிக்கிய? முதல்ல எங்கயாவது உக்காருங்க" என்றார். உட்காரச் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. "தங்கபுஷ்பம் போயிட்டா சார். விடியக்காலைல." கையிலிருந்த முருங்கைக்காயைக் கூடையிலேயே திரும்ப வைத்தேன். "என்ன அண்ணாச்சி, முத்தலா இருக்கோ?" என்று கடைக்காரர் கேட்டார். அப்போது என் மனதில் முதலில் வந்தது டீச்சரின் முகம் இல்லை. அந்தக் கேள்விதான்.

நம் பள்ளியில் இருந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இந்த அஞ்சலியை வாசிக்கப்போகும் பலர் அவரைப் பார்த்ததில்லை. அவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கிற, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி நம்முடையது. நான் அங்கே கணக்கு ஆசிரியராக இருந்தேன். தங்கபுஷ்பம் டீச்சர் கம்ப்யூட்டர் ஆசிரியை. இலத்தூரில் இருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். அவர் கணவர் செல்லத்துரைக்கு அங்கே கொஞ்சம் வயல் உண்டு. மழைக்காலத்தில் டீச்சர் சேற்றுக் காலோடு வந்து இறங்குவார். "நாத்து நட்டுட்டு வாரியளா டீச்சர்?" என்று வாட்ச்மேன் கேலி செய்தால், "ஆமா, உங்க கூலிய மிச்சம் புடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டே குழாயடிக்குப் போவார்.

எல்லாப் பள்ளியிலும் மணி அடித்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிடுவார்கள். நம் பள்ளியில் மணி அடித்துப் பயனில்லை. வகுப்பறைக்குள் விளக்கை மூன்று முறை அணைத்துப் போடுவோம், பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். மைதானத்தில் இருக்கிற பிள்ளையை எப்படிக் கூப்பிடுவது? ஒருவர் ஓடிப்போய்த் தோளைத் தொட வேண்டும். இந்த ஓட்டத்துக்கு முடிவு கட்ட, பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் கைப்பட்டைகள் வாங்கித் தந்தார். கடிகாரம் போல மணிக்கட்டில் கட்டிக்கொள்வது, தண்ணீர் புகாதது. உள்ளே ஒரு சிறிய பேட்டரி, அதிர்கிற மோட்டார் ஒன்று. அலுவலகத்தில் பொத்தானை அழுத்தினால், சுவரில் இருக்கிற வைஃபை பெட்டி வழியாகச் செய்தி போய்ப் பட்டை அதிரும். பிள்ளை தன் பட்டையில் இருக்கும் பொத்தானைத் தொட்டு 'தெரிந்துகொண்டேன்' என்று பதில் அனுப்பும். அப்போது மேல்வகுப்புகளில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். முப்பத்தெட்டுப் பட்டைகள். வைஃபை பெட்டி இரண்டு வந்தது. ஒன்றே போதும் என்று பட்டைகளை அனுப்பிய நிறுவனத்தார் சொன்னதால், மற்றொன்று அலமாரிக்குள் போயிற்று.

முதல் வாரம் எல்லோருக்கும் கொண்டாட்டம். இரண்டாம் வாரத்தில் தொல்லை தொடங்கியது. சில பிள்ளைகள் மட்டும் இடைவேளை முடிந்து தாமதமாக வந்தார்கள். தினமும் இல்லை. மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்தால் கூட ஓடிவந்துவிடுவார்கள். பார்க்காவிட்டால் மூன்று நிமிடம், நான்கு நிமிடம் கழித்து வருவார்கள். யார் யார் என்று பார்த்தால் எப்போதும் அதே ஏழு பேர்.

அந்த ஏழு பேரில் வெண்ணிலா ஒருத்தி. ஏழாம் வகுப்பு. இடைவேளையில் வேப்பமரத்துக்குப் பின்னால், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து படம் வரைவாள். அதனால் மற்றவர்கள் ஓடுவது அவளுக்குத் தெரியாது. எல்லோரையும்விட அதிகமாகத் தாமதம் ஆனது அவளுக்குத்தான். நான் வகுப்பு வாசலில் நிறுத்தி, ஏன் என்று கையால் கேட்பேன். அவள் பட்டையைத் தொட்டுக் காட்டி, இரண்டு சைகை செய்வாள். "வந்தது. இப்பத்தான் வந்தது."

நான் நம்பவில்லை. நம்பாததற்கு என்னிடம் ஒரு காரணமும் இருந்தது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதியாக வேண்டும். பட்டை சரியில்லையோ என்று நானே ஒரு சோதனை செய்தேன். வெண்ணிலாவின் பட்டையைக் கழற்றி அபிராமியிடம் கொடுத்தேன். அபிராமியின் பட்டையை வெண்ணிலாவுக்குக் கட்டினேன். அபிராமி என் மாணவிகளில் நேரம் தவறாதவள். மறுநாள் அபிராமி, வெண்ணிலாவின் பட்டையோடு சரியான நேரத்துக்கு வந்தாள். வெண்ணிலா, அபிராமியின் பட்டையோடு நான்கு நிமிடம் கழித்து வந்தாள். பட்டை இரண்டும் நல்ல பட்டை. அப்படியானால் கோளாறு பிள்ளையிடம். கணக்கு வாத்தியாருக்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் வேண்டுமா? பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'தாமதம்' என்று எழுதினேன். அந்த மாதம் முழுக்க, மற்ற ஆறு பேருக்கும் சேர்த்து எழுதினேன்.

பட்டைகளை அனுப்பிய நிறுவனத்துக்கு டீச்சர் போன் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "மேடம், பசங்க பட்டையைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுட்டு விளையாடிட்டு இருப்பாங்க" என்றான். டீச்சர், "தம்பி, எங்க பிள்ளைய உங்களுக்குத் தெரியுமா? ஒருத்தர் பேரு சொல்லுங்க பாப்போம்" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பிச் சொன்னார்: "பிள்ளைய குறை சொல்லுதது கடைசிச் சோதனை சார். அதுக்கு முந்தி மத்த எல்லாத்தையும் பாத்து முடிச்சிருக்கணும்." எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் நிரூபணத்தை நான் விடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கிற்று. ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை ஐந்தருவிக்குக் குளிக்கக் கூட்டிப்போவது பள்ளியின் வழக்கம். அருவியில் தண்ணீர் ஏறினால் காவலர் விசில் ஊதுவார். எல்லோரும் வெளியேற வேண்டும். நம் பிள்ளைகளுக்கு விசில் கேட்காது. முந்தைய வருடங்களில் ஆசிரியர்கள் நாங்கள் கைகோர்த்து வேலி போல நின்று சமாளித்தோம். இந்த வருடம் பட்டை இருக்கிறதே என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் தலைமையாசிரியை ஆசிரியர் கூட்டத்தில் ஒரு பட்டியலை எடுத்து வைத்தார். "இந்த ஏழு பேரு சொன்ன நேரத்துக்கு வரமாட்டேங்காங்க. அருவிக்கரையில நாலு நிமிசம்னா என்னன்னு உங்களுக்கே தெரியும். நான் பயப்படுதேன். இவங்க ஏழு பேரும் இந்த வருசம் வேண்டாம்."

அதில் தப்பு சொல்ல முடியாது. எனக்கும் சரி என்றுதான் பட்டது. டீச்சர் மட்டும் எழுந்து நின்றார். "மேடம், எத்தன நாள் இருக்கு?"

"பத்து நாள்."

"பத்து நாளும் எனக்குத் தாங்க. சரி பண்ண முடியலன்னா முப்பத்தெட்டு பேரும் போக வேண்டாம். ஏழு பேர மட்டும் விட்டுட்டு வேன் கிளம்பினா, நான் அந்த ஏழு பேரோட பள்ளிக்கூடத்துல உக்காந்துக்குவேன்."

பத்து நாளில் எட்டு நாள் எதுவும் நடக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் வேலை செய்த விதத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு நாள் பெட்டியை வேப்பமரத்துக்கு நேரே இருக்கிற ஜன்னலுக்கு மாற்றினார். தூரம் காரணமாக இருக்குமோ என்று. அதே ஏழு பேர். மறுநாள் பெட்டியைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, அது பேசுகிற அலைவரிசையை மட்டும் மாற்றினார். அதே ஏழு பேர். அடுத்த நாள் எல்லாப் பட்டைக்கும் புதுப் பேட்டரி. அதே ஏழு பேர். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திப் பாத்தா என்ன டீச்சர்? நாள் போகுதுல்லா" என்றேன். "ஒரு நேரத்துல ஒண்ண மட்டும்தான் மாத்தணும் சார். ரெண்ட மாத்தி சரியாயிட்டா, எதால சரியாச்சுன்னு தெரியாது. தெரியாம சரியானது நாளைக்குத் தெரியாமலே கெட்டுப்போகும்" என்றார். ஒவ்வொன்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைத்தார். ஐந்தாம் நாள் பக்கத்தில் ஒரே வரி: 'தெரியல. நாளைக்குப் பாக்கணும்.'

எட்டாம் நாள் மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏதோ பேச்சுக்கு, "அந்தப் பிள்ளை வெண்ணிலா தினமும் ஒரே சாக்குச் சொல்லுதா. இப்பத்தான் வந்துச்சாம்" என்றேன்.

டீச்சர் கையை அப்படியே நிறுத்தினார். "என்ன சொன்னா?"

"இப்பத்தான் வந்துச்சுன்னு."

"வரலன்னு சொல்லலியா?"

"இல்ல. வந்துச்சு, இப்பத்தான் வந்துச்சுன்னுதான்..."

"சார்! இத ஏன் ஒரு மாசமா எங்கிட்ட சொல்லல? நான் இத்தன நாளும் செய்தி தொலையுதுன்னு தேடிக்கிட்டு இருக்கேன். பிள்ளை லேட்டா வருதுன்னு சொல்லுது. தொலையது வேற, லேட்டாவது வேற!"

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கை கழுவப் போனவர், பாதி வழியில் திரும்பி வந்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். காலையில் பெயரை எந்தப் பக்கமிருந்து வாசிக்கிய?

நான் என்ன செய்வேன் என்றால், காலையில் பட்டைகள் சார்ஜ் ஏறும் மேசைக்குப் பக்கத்தில் பதிவேட்டோடு நிற்பேன். ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சைகையில் சொல்வேன். நம் பிள்ளைகளுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. வெண்ணிலாவுக்குக் கன்னத்தில் வைக்கும் பிறை. பெயர் வந்ததும் அந்தப் பிள்ளை வந்து தன் பட்டையை எடுத்துக் கட்டி, பொத்தானை அழுத்தி உயிர் கொடுக்கும். அகர வரிசை. அபிராமி முதல். வள்ளி, விமல், வெண்ணிலா, வேல்முருகன், ஜெனிபர், ஜோசப், ஷாலினி கடைசி. இந்தப் பெயர்களை டீச்சரிடம் சொல்லிக்கொண்டே வரும்போதே என் நாக்கு தடுமாறியது. கடைசி ஏழு பேர். அதே ஏழு பேர்.

"நாளைக்குக் கடைசியில இருந்து வாசிங்க சார். வேற எதையும் மாத்தாதிய."

மறுநாள் ஷாலினியில் தொடங்கி அபிராமியில் முடித்தேன். பிள்ளைகள் எனக்கு மூளை குழம்பிவிட்டதென்று தங்களுக்குள் சைகை செய்து சிரித்தார்கள். இடைவேளை முடிந்து பொத்தானை அழுத்தினோம். வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வெண்ணிலா எழுந்து நடந்து வந்தாள், நேரத்துக்கு. டீச்சர் முன்கூட்டியே அபிராமியை மட்டும் நூலகத்தில் தனியாக உட்கார வைத்திருந்தார். நான்கு நிமிடம் கழித்து அபிராமி ஓடிவந்தாள். மூச்சிரைக்க என்னைப் பார்த்து, பட்டையைத் தொட்டு, அதே இரண்டு சைகைகளைச் செய்தாள். "வந்தது. இப்பத்தான் வந்தது."

என் நிரூபணம் எங்கே தவறியது என்று அந்த நொடியில் புரிந்தது. நான் பட்டைகளை மாற்றினேன்; வரிசையை மாற்றவில்லை. யார் கையில் எந்தப் பட்டை இருந்தாலும், கடைசியில் உயிர் பெறுகிற ஏழு பட்டைகளுக்குத்தான் கோளாறு. வரிசை என்று ஒன்று இருப்பதே என் கண்ணில் படவில்லை. முப்பது வருடம் அதை மேலிருந்தே வாசித்தவன் நான்.

இதற்கான விளக்கத்தை அன்று டீச்சர் எனக்குச் சொன்னார். அதை நான் ஒரு விடுதி உதாரணமாக மாற்றிப் பிறகு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பேட்டரியில் ஓடுகிற கருவி எந்நேரமும் விழித்திருக்க முடியாது. அரை நாளில் தீர்ந்துவிடும். ஆகவே அது தூங்கும். அவ்வப்போது கண் சிமிட்டுகிற நேரம் மட்டும் விழித்து, வைஃபை பெட்டி காட்டுகிற அறிவிப்புப் பலகையைப் பார்க்கும். விடுதி வாசலில் 'இன்ன இன்ன எண்ணுக்குக் கடிதம் வந்திருக்கிறது' என்று எழுதிப் போடுவார்களே, அந்த மாதிரிப் பலகை. தன் எண் இருந்தால் போய்க் கடிதத்தை வாங்கும். இல்லாவிட்டால் திரும்பத் தூங்கிவிடும். பெட்டி, தன்னிடம் சேருகிற ஒவ்வொரு கருவிக்கும் சேர்ந்த வரிசையில் எண் கொடுக்கிறது. அந்தப் பெட்டிக்குள் வானொலிப் பாகத்தை இயக்குகிற மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். பலகையில் எழுதுவது அதன் வேலை. அந்த டிரைவரை எழுதியவர் பலகையில் முப்பத்திரண்டு கட்டம் மட்டும் போட்டிருந்தார். முதல் கட்டம் எல்லோருக்குமான பொது அறிவிப்புக்கு. மீதி முப்பத்தொன்று. முப்பத்திரண்டாவதாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கடிதம் வந்தால், கடிதம் பத்திரமாக உள்ளே இருக்கும். பலகையில் எண் மட்டும் ஏறாது. அந்தப் பட்டை, 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்ல ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே எழுந்து பெட்டியிடம் போகும். அப்போது, 'ஓ, உனக்கு ஒன்று இருக்கிறதே' என்று பெட்டி எடுத்துக் கொடுக்கும். வந்தது. இப்பத்தான் வந்தது. வெண்ணிலா ஒரு மாதமாக எழுத்துக்கு எழுத்து உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றுலாவுக்கு ஒரு நாள்தான் நடுவில் இருந்தது. அந்த டிரைவரின் மூல நிரல் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் கிடந்தது. டீச்சர் அன்று மாலையே பலகையின் கட்டங்களைக் கூட்டித் திருத்தி, அலமாரியில் கிடந்த இரண்டாவது பெட்டியில் ஏற்றினார். பெட்டி எழும்பவில்லை. விளக்குகூட எரியவில்லை. டீச்சர் நோட்டை எடுத்து, 'ரெண்டாவது பெட்டி செத்துப்போச்சு. என் தப்பு. அவசரம்' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "இதுக்கு உயிர் குடுத்தாப் போதும் சார். திருத்தம் பிறகு பாத்துக்கலாம். பழைய டிரைவரே இருக்கட்டும். ரெண்டு பெட்டி இருந்தா ஆளுக்குப் பத்தொம்பது பிள்ளைய. ரெண்டு பலகையிலயும் கட்டம் மிச்சம் இருக்கும்" என்றார்.

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். செல்லத்துரையும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்தார். "இலத்தூர்ல பம்ப்செட்டு ரெண்டு நாளா ஓடல. அது இவளுக்குத் தெரியாது. இங்கன டப்பாவுக்கு வைத்தியம் பாக்கா" என்று என்னிடம் முறையிட்டார். "பம்ப்செட்டு நாளைக்கு அருவிக்குப் போவல. நீங்க அந்த ஸ்க்ரூவ புடிங்க" என்றார் டீச்சர், தலையைத் தூக்காமல். பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கிற மின்சுற்று அட்டையில் மூன்று மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, அதைக் கம்ப்யூட்டரோடு நேராகப் பேச வைத்துப் பழைய மென்பொருளை வரிவரியாக ஊட்டினார். இரண்டு முறை பாதியில் நின்றுபோயிற்று. மூன்றாம் முறை, மதியம் இரண்டு மணிக்கு, பச்சை விளக்கு எரிந்தது. டீச்சர் தூக்கைத் திறந்து மூவருக்கும் சோற்றைப் பிரித்து வைத்தார்.

அருவிக்கு முப்பத்தெட்டுப் பேரும் போனோம். வேனிலேயே பட்டைகளைப் பாதிப் பாதியாக இரண்டு பெட்டிகளோடும் சேர்த்திருந்தோம். டீச்சர் அந்த இரண்டு பெட்டிகளையும் அலுவலகப் பொத்தானையும் ஒரு பேட்டரியையும் பிளாஸ்டிக் பையில் கட்டி, குடைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், குளிக்க வந்த இடத்துலயும் டப்பாவ கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிய?" என்றார். "குளிக்கது பிள்ளைய அண்ணாச்சி. நான் காவலு" என்றார்.

தண்ணீருக்குள் விடுவதற்கு முன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார். நம் பிள்ளைகள் அடுத்தவரைப் பார்த்துக் கை தூக்கிவிடுவார்கள். அப்படித் தூக்கினால் அது சோதனை ஆகாது. பொத்தானை அழுத்தினார். முப்பத்தெட்டுக் கைகள் ஒன்றாக எழுந்தன. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் முப்பத்தெட்டு. பிறகுதான் தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

அரை மணி நேரம் இருக்கும். மேலே எங்கோ மழை பிடித்திருக்க வேண்டும். தண்ணீரின் நிறம் மாறியது. காவலர் விசில் ஊதினார். கூட்டம் நகரத் தொடங்குவதற்குள் டீச்சரின் விரல் பொத்தானில் இருந்தது. பாறை ஓரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு நின்றவள் வெண்ணிலா. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. நான் அவளை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று திரும்பினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஏறி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் முன்னால் நின்று, பட்டையைத் தொட்டுக் காட்டினாள். வாய் கொள்ளாத சிரிப்போடு, "வந்தது. இப்பத்தான் வந்தது" என்றாள்.

எண்ணிப் பார்த்தோம். முப்பத்தெட்டு. தலைமையாசிரியை இன்னொரு முறை எண்ணினார்.

திங்கட்கிழமை நான் பதிவேட்டைத் திறந்து, அந்த ஏழு பேருக்கும் எழுதியிருந்த 'தாமதம்' எல்லாவற்றையும் அடித்தேன். அரசாங்கப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இட்டேன், ஒன்றையும் விடாமல். ஏழு பேரையும் வரிசையாகக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சைகை செய்தேன். வெண்ணிலா என் சிவப்புப் பேனாவை வாங்கி, பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறிய பிறை வரைந்துவிட்டுப் போனாள். அதற்குச் சுருக்கொப்பம் இடவில்லை.

டிரைவரை டீச்சர் அதோடு விட்டுவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து, திருத்தம் சரியாக ஏறி ஒரே பெட்டியில் முப்பத்தெட்டுப் பட்டையும் நேரத்துக்கு அதிர்ந்தன. அந்தத் திருத்தத்தை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும்படி அனுப்பிவைத்தார். என்ன திருத்தம் என்று எட்டிப் பார்த்தேன். "ஒரு வரிதானா டீச்சர்?" என்றேன். "ஒரு வரிதான் சார். எந்த வரின்னு தெரியதுக்குத்தான் இவ்வளவு பாடு" என்றார். பட்டைகளை அனுப்பிய நிறுவனத்துக்கும் போன் செய்து சொன்னார். கடைசியில், "தம்பி, இப்பமாவது எங்க பிள்ளைய பேரு நாலு சொல்லவா, எழுதிக்கிடுதியா?" என்று கேட்டுச் சொல்லியும் கொடுத்தார். ஏழு பெயர்கள். வள்ளியில் தொடங்கி ஷாலினி வரை.

மூன்று வாரம் முன்பு இலத்தூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஒரு வருடமாக நோய் அவரை இளைக்க வைத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் வேறொரு நாற்பது பக்க நோட்டு. எந்த மாத்திரை எப்போது, எதற்குப் பிறகு வலி குறைந்தது என்று எழுதியிருந்தார். "டாக்டர் ரெண்டு மாத்திரைய ஒண்ணா மாத்துனாரு. ஒவ்வொண்ணா மாத்துங்கன்னு சொல்லிட்டேன்" என்றார். செல்லத்துரை வெளியே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் ஓய்வு பெற்றவர்கள் சங்கத்தில் செயலாளராக இருப்பதைச் சொன்னேன். மாதக் கூட்டத்தில் பெயர் வாசிக்கிறேன் என்றேன். அவர் மெல்லச் சிரித்தார். "எந்தப் பக்கமிருந்து வாசிக்கிய?"

"மேலிருந்துதான்" என்று உண்மையைச் சொன்னேன்.

"கூட்டத்துல யாராவது எப்பவும் கடைசியில பேசாம உக்காந்திருக்காவளா?"

யோசித்துப் பார்த்தேன். இருந்தார்கள். அவர்கள் முறை வருவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். பேச விருப்பமில்லாதவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் எனக்கு விட்டுச் சென்றவற்றில் நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தக் கேள்வியைத்தான். செல்லத்துரையிடம் கேட்டு, அந்த முதல் நாற்பது பக்க நோட்டையும் வாங்கி வந்திருக்கிறேன். 'தெரியல. நாளைக்குப் பாக்கணும்' என்ற பக்கம் திறந்தபடி என் மேசையில் இருக்கிறது. யாரைப் பற்றியாவது 'இவர் எப்போதுமே இப்படித்தான்' என்று சொல்ல வாய் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் ஆசிரியர்கள். மற்றவர்களிடமும் ஏதோ ஒரு பட்டியல் இருக்கும். நாளைக் காலை, வேறு எதையும் மாற்றாமல், அதைக் கடைசிப் பெயரிலிருந்து வாசியுங்கள்.